கருவுற்ற செய்தி யாருக்குச் சொந்தம்?

"மூணு மாசம் முடியட்டும், அப்புறம் வெளியில சொல்லிக்கலாம்." ஒரு பெண் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் தமிழ்க் குடும்பங்களில் பெரியவர்கள் போடும் முதல் உத்தரவு இது. இன்றைக்கு அதே வீட்டில், சோதனைப் பட்டையில் இரண்டு கோடு விழுந்த அன்று மாலையே நாத்தனாரின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் 'அத்தை ஆகப்போறேன்' என்று செய்தி வந்துவிடுகிறது. பிறகு ஸ்கேன் படம், மாதாமாதம் எடுத்த வயிற்றுப் படம், மசக்கை பற்றிய வேடிக்கை ரீல், வளைகாப்புக் காணொளி, மருத்துவமனைக்குக் கட்டிவைத்த பை, கடைசியில் பிஞ்சுக் கால்கள் என்று பத்து மாதமும் தொடராக ஓடி முடிகிறது.

இதைப் பற்றிய பேச்சு இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறது. 'கண்ணு படும், எதுக்கு இந்த ஆட்டம்' என்பது ஒரு கட்சி. 'என் வயிறு, என் பிள்ளை, என் போன். உங்களுக்கென்ன' என்பது மறு கட்சி. இரண்டுமே ஒன்றைக் கேட்காமல் விட்டுவிடுகின்றன. எப்போது சொல்வது, யாரிடம் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்று முடிவெடுப்பவர் யார்? சுமப்பவளா, அவளைச் சுற்றியிருப்பவர்களா, அந்தச் செய்தியால் சம்பாதிக்கும் நிறுவனங்களா? வரலாறு, மருத்துவம், சட்டம், வணிகம் என்று எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் விவகாரம் இந்தக் கேள்வியில்தான் வந்து முட்டுகிறது.

வட்டம் வட்டமாகப் பரவிய செய்தி

கர்ப்பம் நம் ஊரில் ஒருநாளும் முழு ரகசியமாக இருந்ததில்லை. முதலில் கணவனுக்கும் மாமியாருக்கும் தெரியும். அடுத்துத் தாய் வீட்டுக்குச் சொல்லி அனுப்புவார்கள். அம்மா பலகாரத்தோடு வந்து பார்ப்பார். பிறகு நெருங்கிய உறவு. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு வரும்போது தெருவே கூடும். கன்னத்தில் சந்தனம் தடவி, கை நிறையக் கண்ணாடி வளையல் அடுக்கி, புளிசாதம், எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், தயிர்ச்சாதம், சர்க்கரைப் பொங்கல் என்று பரிமாறி, ஆரத்தி எடுத்துத் திருஷ்டி கழிப்பார்கள். கூடியவர்கள் அத்தனை பேரும் அவளைத் தெரிந்தவர்கள். இடுப்பு வலி எடுத்தால் ஓடி வரக்கூடியவர்கள். தமிழ்நாடு அரசு அங்கன்வாடிகள் வழியே நடத்தும் சமுதாய வளைகாப்பு, இந்த ஏற்பாட்டை வசதியில்லாத பெண்களுக்கும் கொண்டுசென்றது.

மூன்று மாதம் பொறுக்கச் சொன்னதிலும் அனுபவ அறிவு இருந்தது. உறுதிசெய்யப்பட்ட கர்ப்பங்களில் 100-க்கு 10 முதல் 20 வரை கலைந்துவிடுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை முதல் 12 வாரங்களில் நடக்கின்றன. 'கண்ணேறு' என்று பெரியவர்கள் பெயர் வைத்தது இந்த நிச்சயமின்மைக்குத்தான்.

அதற்காகப் பழைய ஏற்பாட்டைப் பொற்காலம் என்று கொண்டாட வேண்டியதில்லை. யாரிடம் எப்போது சொல்வது என்று தீர்மானித்தவர் மாமியார். கரு தங்காமல் போனால் 'வெளியில மூச்சு விடாதே' என்று வாயை அடைத்ததும் அதே வீடுதான். பிள்ளையில்லாத பெண்ணையும் கணவனை இழந்தவளையும் வளைகாப்புப் பந்தலில் ஓரமாக நிறுத்தியதும் அதே சடங்குதான். சுமந்தவளின் விருப்பத்தை அன்றும் யாரும் கேட்கவில்லை.

மறைத்த திரையும் காட்டிய திரையும்

மேற்கிலும் கர்ப்பம் நீண்ட காலம் மறைக்கப்பட்ட விஷயமே. 1952-இல் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரான 'ஐ லவ் லூசி'யின் நாயகி லூசில் பால் நிஜமாகவே கருவுற்றிருந்தார். கதையிலும் அதைச் சேர்த்தார்கள். ஆனால் 'கர்ப்பம்' என்ற சொல்லை வசனத்தில் பயன்படுத்த ஒளிபரப்பு நிறுவனம் அனுமதிக்கவில்லை. 1953 ஜனவரி 19 அன்று தொடரில் குழந்தை பிறந்த பகுதியைச் சுமார் 4.4 கோடிப் பேர் பார்த்தார்கள். மறைக்கப்படும் செய்திக்கு எவ்வளவு பெரிய சந்தை இருக்கிறது என்று ஊடகத் தொழில் அன்றே தெரிந்துகொண்டது.

1991 ஆகஸ்டில் 'வேனிட்டி ஃபேர்' இதழின் அட்டையில் ஏழு மாதக் கர்ப்பிணியான டெமி மூர் ஆடையின்றி நின்றார். படமெடுத்தவர் அன்னி லீபோவிட்ஸ். சில கடைகள் அந்த இதழை விற்க மறுத்தன. சில இடங்களில் உறையிட்டு விற்றார்கள். இன்று நம் ஊர்ப் பூங்காக்களில் நீண்ட கவுன் காற்றில் பறக்க, கணவன் வயிற்றில் கைவைத்து நிற்க எடுக்கும் 'மெட்டர்னிட்டி ஷூட்' படங்களுக்கு அந்த அட்டைதான் மூதாதை. 2017 பிப்ரவரி 1 அன்று பாடகி பியான்சே இரட்டைக் குழந்தைகளைச் சுமந்தபடி வெளியிட்ட படம், அதுவரை இன்ஸ்டாகிராமில் அதிக லைக் பெற்ற பதிவானது. அடுத்த ஆண்டே அந்தச் சாதனையை முறியடித்தவர் கைலி ஜென்னர். அவர் கர்ப்ப காலம் முழுக்க வாய் திறக்கவில்லை. பிள்ளை பிறந்த பிறகே படம் போட்டார். பேச்சு மட்டுமல்ல, மௌனமும் விலை போகும் என்று அது காட்டியது.

இன்னொரு கிளை மருத்துவத்திலிருந்து வந்தது. கிளாஸ்கோவில் பணியாற்றிய மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்டும் அவரது குழுவினரும் 1958-இல் 'லான்செட்' இதழில் வெளியிட்ட கட்டுரைதான் மகப்பேறு ஸ்கேனுக்கு வழி திறந்தது. 1965 ஏப்ரலில் 'லைஃப்' இதழ் லென்னார்ட் நில்சன் எடுத்த 18 வாரக் கருவின் வண்ணப் படத்தை அட்டையில் போட்டது. அதுவரை பிள்ளை உயிரோடிருப்பதற்குத் தாய் உணர்ந்த அசைவே முதல் சாட்சி. ஸ்கேன் வந்தபின் அறையிலிருக்கும் எல்லோரும் ஒரே நேரத்தில் திரையைப் பார்க்கிறார்கள். தாய் மட்டுமே அறிந்திருந்த ஒன்று கையில் கொடுக்கக்கூடிய படமாகிவிட்டது. படமாகிவிட்டதைப் பகிர்வது சுலபம். 2010-இல் இணையப் பாதுகாப்பு நிறுவனமான ஏவிஜி பத்து நாடுகளில் தாய்மார்களிடம் நடத்திய ஆய்வில், 23 சதவீதக் குழந்தைகளின் ஸ்கேன் படங்கள் பிறப்பதற்கு முன்பே இணையத்தில் ஏறியிருந்தன.

இந்தியாவில் வேகம் கூடியது 2020-க்குப் பிறகு. அந்த ஜூன் மாதக் கடைசியில் டிக்டாக் தடைசெய்யப்பட்டது. ஜூலையில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸும் செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸும் அந்த இடத்துக்கு வந்தன. ஊரடங்கால் உறவினர் கூட முடியாத காலம் அது. வளைகாப்பு வீடியோ அழைப்புக்குள் போனது. ஊரடங்கு முடிந்த பிறகும் கேமரா பந்தலை விட்டுப் போகவில்லை.

ஏன் பகிர்கிறார்கள்?

வெறும் விளம்பர ஆசை என்று ஒதுக்குவது நியாயமல்ல. சென்னை ஓஎம்ஆரிலோ பெங்களூரிலோ இரண்டறை வீட்டில் கணவனும் மனைவியும் மட்டும் இருக்கிறார்கள், அம்மா திருநெல்வேலியில். முன்பு அத்தையும் சித்தியும் திண்ணையில் உட்கார்ந்து சொல்லித் தந்ததை இன்று பத்துப் பேர் கொண்ட வாட்ஸ்அப் குழு சொல்லித்தருகிறது. கர்ப்பகாலச் சர்க்கரை என்று தெரிந்த பெண்களின் குழுவைக் கவனித்தால் புரியும். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் குமட்டலோடு காத்திருந்த கதையில் தொடங்குகிறது பேச்சு. மூன்று இட்லிக்குப் பிறகு சர்க்கரை எவ்வளவு, இரண்டு அடைக்குப் பிறகு எவ்வளவு, இன்சுலின் ஊசியைத் தொடையில் போட்டால் வலி குறையுமா என்று அது நீள்கிறது. புறநோயாளிப் பிரிவில் ஐந்து நிமிடம் கிடைக்கும் மருத்துவரிடம் இத்தனையும் கேட்க முடியாது.

மனநலப் பக்கமும் உண்டு. வளரும் நாடுகளில் கர்ப்பிணிகளில் 15.6 சதவீதமும் குழந்தை பெற்றவர்களில் 19.8 சதவீதமும், மனச்சோர்வு உள்ளிட்ட மனநலச் சிக்கலுக்கு ஆளாகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 'உனக்கென்ன குறை, சந்தோஷமா இரு' என்று வீட்டில் வாயடைக்கப்படும் பெண், முகம் தெரியாத இன்னொருத்தியிடம் 'எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு' என்ற பதிலைக் கேட்பது சிறிய விஷயமல்ல. செயற்கைக் கருத்தரிப்பு சிகிச்சையை ஒளிவுமறைவின்றிப் பேசிய பெண்கள், 'இன்னும் விசேஷம் இல்லையா' என்று கேட்பவர்களின் வாயைக் கொஞ்சமாவது அடக்கியிருக்கிறார்கள்.

அதே திரை ஒப்பீட்டையும் வளர்க்கிறது. இன்னொருத்தியின் வயிற்றில் வரிகளே இல்லை. இன்னொருத்தி எட்டாம் மாதத்தில் நடனமாடுகிறாள். இன்னொருத்தியின் வளைகாப்பில் ட்ரோன் பறக்கிறது. வீட்டு முற்றத்தில் முடிந்த சடங்குக்கு இன்று மண்டபம், மேடை அலங்காரம், ஒப்பனைக் கலைஞர், தனி ரீல்ஸ் எடுப்பவர் என்று கடன் வாங்கிச் செலவு செய்யும் நிலை வந்திருக்கிறது. வளையல் போடும் கை கேமராவுக்காக நின்று, திரும்பவும் போடுகிறது. இடுப்பு கடுக்கிறது என்று சொல்ல நினைப்பவள் சிரித்தபடி உட்கார்ந்திருக்கிறாள்.

சேதி மாறிப்போனால்

நல்ல செய்தியை ஆயிரம் பேருக்கு ஒரு நொடியில் சொல்லிவிடலாம். கெட்ட செய்தியை அப்படிச் சொல்ல முடியாது. முதல் பதிவை மட்டும் பார்த்துவிட்டு அடுத்த பதிவைத் தவறவிட்ட ஒருவர், ஆறு மாதம் கழித்துக் கல்யாண வீட்டில் எதிர்ப்பட்டு 'என்னம்மா, பையனா பொண்ணா?' என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவள் ஸ்டேட்டஸ் போட்ட நாத்தனார் அல்ல.

மூன்று மாதக் கணக்கும் முழுக் காப்பு அல்ல. உறுப்புகளில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் அனாமலி ஸ்கேன் 18 முதல் 20 வாரங்களில்தான் எடுக்கப்படுகிறது. 2021-இல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டம், கருவில் கடுமையான குறைபாடு இருப்பதாக மருத்துவ வாரியம் முடிவு செய்தால் 24 வாரங்களுக்குப் பிறகும் அனுமதி அளிப்பது இதனால்தான். மூன்றாம் மாதத்தில் ஊரறியச் சொல்லிவிட்ட தம்பதி, ஐந்தாம் மாதத்தில் மிக அந்தரங்கமான ஒரு முடிவை ஆயிரம் பேரின் கேள்விகளுக்கு நடுவே எடுக்க நேர்கிறது.

மறுபக்கம், இழப்பைச் சொன்னதால் விளைந்த நன்மையும் மறுக்க முடியாதது. 2015 ஜூலையில் ஃபேஸ்புக் நிறுவனர் மார்க் ஸக்கர்பெர்க், மனைவி கருவுற்ற செய்தியோடு அதற்கு முன் மூன்று முறை கரு கலைந்ததையும் எழுதினார். 2020-இல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலம் கிறிஸ்ஸி டீகன், கர்ப்பத்தின் பாதியில் மகனை இழந்தபோது மருத்துவமனைக் கட்டிலில் அழும் படத்தை வெளியிட்டார். வசை பாடியவர்களும் உண்டு. பல ஆண்டுகள் புதைத்துவைத்த துக்கத்தை அன்று முதல் முறையாகப் பேசியவர்களும் உண்டு. இரண்டு பதிவுகளுக்கும் பொதுவான ஒன்று: என்ன சொல்வது, எப்போது சொல்வது என்று பெற்றோரே முடிவு செய்தார்கள்.

இயந்திரத்துக்கு இந்த நாசூக்கு தெரியாது. வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையாளர் ஜில்லியன் பிராக்கெல்லுக்கு 2018-இல் குழந்தை இறந்து பிறந்தது. கர்ப்பத்தின்போது அவர் போட்ட ஹேஷ்டேக்குகளையும் தேடிய பொருள்களையும் வைத்துப் பிள்ளைப்பேறு விளம்பரங்களைக் காட்டிய நிறுவனங்கள், இழப்புக்குப் பிறகும் நிறுத்தவில்லை. நான் கருவுற்றதைக் கண்டுபிடிக்க முடிந்த உங்களால், என் குழந்தை இறந்ததை ஏன் கண்டுபிடிக்க முடியவில்லை என்று அவர் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு வெளிப்படையாக எழுதிய கடிதம் உலகம் முழுக்கப் படிக்கப்பட்டது.

வயிற்றைப் பார்க்கும் வணிகம்

கர்ப்பிணி என்பவர் சந்தைக்கு மிக விலையுயர்ந்த வாடிக்கையாளர். பிள்ளை வரும் வீட்டில் சோப்பு முதல் கார் வரை வாங்கும் பழக்கங்கள் மாறும். அந்த நேரத்தில் பிடித்தவர் நெடுநாள் பிடித்தவர். அமெரிக்காவின் டார்கெட் அங்காடி, வாசனையில்லாத லோஷன், கால்சியம், துத்தநாக மாத்திரை போன்ற சுமார் 25 பொருள்களின் கொள்முதலை வைத்து ஒரு பெண் கருவுற்றிருப்பதைக் கணித்ததை 2012-இல் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. பதிவே போடாதவர்களுக்கும் தப்பில்லை என்பதே அதன் பொருள்.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ஜேனட் வெர்டெசி இதைச் சோதித்துப் பார்த்தார். கருவுற்றதை இணையத்திடமிருந்து முழுமையாக மறைக்க முடியுமா என்பதே சோதனை. முகம் மறைக்கும் டார் உலாவியில் மட்டும் தேடினார். ரொக்கத்துக்கும் பரிசு அட்டைக்கும் மாறினார். ஃபேஸ்புக் செய்தியில் வாழ்த்து அனுப்பிய சொந்த மாமாவை நட்புப் பட்டியலிலிருந்து நீக்கினார். குழந்தை வண்டி வாங்க அவர் கணவர் மொத்தமாகப் பரிசு அட்டை வாங்கப் போனபோது, அளவுக்கு மீறிய கொள்முதலை அதிகாரிகளுக்குத் தெரிவிக்க நேரலாம் என்ற அறிவிப்பு கடையில் இருந்தது. பிள்ளை வரப்போகும் செய்தியைத் தன்னிடமே வைத்துக்கொள்ள விரும்பும் குடும்பம் குற்றவாளிபோல் நடந்துகொள்ள வேண்டியிருக்கிறது என்பதே அவர் 2014-இல் சொன்ன முடிவு.

மாதவிடாய், கர்ப்பச் செயலிகளின் கதையும் இதுதான். கோடிக்கணக்கான பெண்கள் பயன்படுத்திய ஃப்ளோ செயலி, ரகசியம் காப்பதாக வாக்களித்துவிட்டு ஃபேஸ்புக், கூகுள் போன்றவற்றின் பகுப்பாய்வுப் பிரிவுகளுக்குத் தகவலைக் கொடுத்ததாக அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டி, 2021-இல் அதை உடன்படிக்கைக்குக் கொண்டுவந்தது. 2022-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையை நீக்கிய ஆண்டில், நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரு தாயும் மகளும் ஃபேஸ்புக்கில் பேசிக்கொண்ட தனிச்செய்திகளைக் காவல்துறை நீதிமன்ற ஆணை மூலம் பெற்று வழக்கில் சாட்சியமாக்கியது. விளம்பரதாரருக்குத் திறந்த கதவு காவல்துறைக்கும் திறக்கும்.

நம் ஊரில் இது தொலைபேசி அழைப்பாக வருகிறது. 'மேடம், டியூ டேட் எப்போ? தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிச்சு வைக்கிறீங்களா?' என்று அறிமுகமில்லாத குரல் கேட்கிறது. பிள்ளையின் சொந்தப் பிற்காலப் பயன்பாட்டுக்கென்று அந்த ரத்தத்தைத் தனியார் வங்கியில் சேமிக்க அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்லியிருக்கிறது. அழைப்பவர் அதைச் சொல்வதில்லை. பால் மாவுக்கும் இதே வழி. 2021-இன் முதல் ஆறு மாதங்களில் வெளியான 40 லட்சம் சமூக ஊடகப் பதிவுகளை ஆராய்ந்த உலக சுகாதார நிறுவனம், செயலிகள், தாய்மார் குழுக்கள், பணம் பெற்ற பிரபலங்கள் வழியே பால் மாவு நிறுவனங்கள் தாய்மார்களை நெருங்குவதை 2022-இல் வெளிக்கொணர்ந்தது. இரண்டு வயது வரையிலான குழந்தை உணவுக்கு விளம்பரமே கூடாது என்கிறது நம் நாட்டின் 1992-ஆம் ஆண்டுச் சட்டம். தோழியின் அனுபவம்போல வரும் ரீலில் எது விளம்பரம் என்று கண்டுபிடிப்பதுதான் சிரமம். பணமோ பொருளோ பெற்றுப் பரிந்துரைப்பவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2023 ஜனவரியில் மத்திய அரசு நெறிமுறை வகுத்தது.

ஆணா பெண்ணா: கேட்கக் கூடாத கேள்வி

ஒவ்வொரு ஸ்கேன் மையத்தின் வாசலிலும் அந்தப் பலகை உண்டு: கருவிலிருக்கும் குழந்தையின் பாலினம் இங்கே தெரிவிக்கப்படாது, அப்படித் தெரிவிப்பது தண்டனைக்குரியது. 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பாலினத்தைக் கண்டறிவதும் சொல்வதும் மட்டுமல்ல, அதற்கான வசதியை எந்த வடிவத்தில் விளம்பரம் செய்தாலும் மூன்றாண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். சமூகச் செயற்பாட்டாளர் சாபு மேத்யூ ஜார்ஜ் 2008-இல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், கூகுள், யாகூ, மைக்ரோசாஃப்ட் தேடுபொறிகளில் இத்தகைய விளம்பரங்கள் வராமல் தடுக்க ஆணையிட்டு, 2017 டிசம்பரில் வழக்கை முடித்தது.

பாலினம் அறிவிக்கும் விருந்து அமெரிக்காவில் 2008-இல் ஒரு வலைப்பதிவர் வெட்டிய கேக்கிலிருந்து புகழ் பெற்றது. அவரே 2019-இல், இது இவ்வளவு தூரம் போயிருக்க வேண்டாம் என்று வருந்தினார். 2020 செப்டம்பரில் கலிஃபோர்னியாவில் இத்தகைய விருந்துக்குக் கொளுத்திய புகைக்குப்பி காட்டுத்தீயாகி 22,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. ஒரு தீயணைப்பு வீரர் உயிரிழந்தார்.

நமக்கு இழப்பு வேறு மாதிரியானது. 2024 மே மாதம் சென்னையின் பிரபல யூடியூபர் ஒருவர், துபாயில் பாலினப் பரிசோதனை செய்துகொண்டு, முடிவை விருந்து வைத்து அறிவித்துக் காணொளியாக வெளியிட்டார். சுகாதாரத் துறை நோட்டீஸ் அனுப்பியபின் காணொளி நீக்கப்பட்டது. அவர் மன்னிப்புக் கேட்டார். அதற்குள் லட்சக்கணக்கானோர் பார்த்துவிட்டார்கள். 'வெளிநாட்டில் செய்தால் என்ன தப்பு' என்று வாதிட்டவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் முந்தைய ஐந்தாண்டுகளில் பிறந்த 1,000 ஆண் குழந்தைகளுக்கு நிகரான பெண் குழந்தைகளின் எண்ணிக்கை 2015-16-இல் 954, 2019-21-இல் 878. கனடாவிலும் இங்கிலாந்திலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பாலினம் தெரிந்துகொள்வது சட்டப்படி சரி. அந்தக் கொண்டாட்டத்தை ஊரிலிருக்கும் உறவுக் குழுவில் பகிரும்போது, இங்கே தடைசெய்யப்பட்ட ஆசைக்குத் தீனி போடுகிறோம் என்ற நினைப்பு அவர்களுக்கு வேண்டும். வயிறு உருண்டையா கூர்மையா என்று கேட்டு ஆண் பெண் ஊகம் நடத்தும் ரீல்களும் அதே ஆசையில்தான் ஓடுகின்றன.

திரை சொல்லும் மருத்துவம்

2018 ஜூலையில் திருப்பூரில் ஓர் இளம் ஆசிரியை, யூடியூப் காணொளிகளைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்தபோது ரத்தப்போக்கில் உயிரிழந்தார். 2024 நவம்பரில் குன்றத்தூர் அருகே ஒரு தம்பதி, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்த வாட்ஸ்அப் குழுவின் துணையோடு வீட்டில் பிரசவம் பார்த்தது தெரியவந்து, சுகாதாரத் துறை காவல்துறையில் புகார் செய்தது. பிரசவங்களில் 99 சதவீதத்துக்கு மேல் மருத்துவமனைகளில் நடக்கும் மாநிலம் இது. கிராம சுகாதாரச் செவிலியர் வீடு வீடாக நடந்து பல பத்தாண்டுகளில் சேர்த்த நம்பிக்கை அது. அழகான விளக்கொளியில் 'இயற்கைப் பிரசவம்' காட்டும் ஒரு நிமிடக் காணொளி, அந்தப் பெண்ணுக்கு ரத்தக்கொதிப்பு இருந்ததா, வாசலில் ஆம்புலன்ஸ் நின்றதா என்று சொல்வதில்லை.

மருத்துவமனைகளும் இதில் தப்பவில்லை. 2024 அக்டோபரில் சென்னையின் ஒரு தனியார் மருத்துவமனை அறுவை அரங்கில், தந்தை தொப்புள்கொடியை வெட்டும் காட்சி படமாக்கப்பட்டு யூடியூபில் வந்தது. அந்த மருத்துவமனைக்கு 50,000 ரூபாய் அபராதமும் 10 நாள் தடையும் விதிக்கப்பட்டன. வயிறு திறந்திருக்கும் நிலையில் மேசையில் கிடப்பவளிடம் வாங்கும் சம்மதம் எந்த அளவுக்குச் சம்மதம் என்பதை மகப்பேறு மருத்துவர்கள்தாம் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

பிறக்காத பிள்ளையின் பங்கு

ஒரு ஸ்கேன் படத்தை எடுத்துப் பாருங்கள். கருவின் நிழலுக்கு மேலே தாயின் பெயர், வயது, நோயாளி எண், மையத்தின் பெயர், தேதி, நேரம், கருவின் வாரக் கணக்கு எல்லாம் அச்சாகியிருக்கும். படத்தைப் பகிர்பவர் கண்ணுக்குப் பிள்ளை மட்டும் தெரிகிறது. தகவல் திரட்டுபவர் கண்ணுக்கு அந்த ஓரத்து எழுத்துகள் தெரிகின்றன. பெயர் வைக்கும் முன்பே பிள்ளைக்கு ஒரு கோப்பு திறக்கப்பட்டுவிடுகிறது. பிறப்பதற்கு முன்பே தொடங்கும் இந்தத் தகவல் சேகரிப்பை ஆய்வாளர் வெரோனிகா பராசி 2020-இல் வெளியான தன் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார்.

சட்டம் இங்கே பெரிதாகக் கைகொடுக்காது. 2023-ஆம் ஆண்டின் இந்திய எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், குழந்தைகளின் தகவலைக் கையாளும் நிறுவனங்கள் பெற்றோரின் சம்மதத்தைப் பெற வேண்டும் என்கிறது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. ஆனால் ஒருவர் தானே பொதுவெளியில் போட்ட தன் சொந்தத் தகவலுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. வீட்டுத் தேவைக்காகத் தனிநபர் கையாளும் தகவலுக்கும் பொருந்தாது. பொதுக் கணக்கில் தன் ஸ்கேன் படத்தைப் போட்ட பெண், அந்தத் தகவலுக்கான காப்பைத் தன் கையாலேயே விட்டுக்கொடுக்கிறாள். ஃபிரான்ஸ் 2024-இல், குழந்தையின் படத்தின் மீதான உரிமையைக் காப்பது பெற்றோரின் கடமை என்று சட்டம் இயற்றியது. இங்கே அப்படியொரு பேச்சு இன்னும் எழவில்லை.

பிரபலங்களும் முன்மாதிரி ஆகலாம். அனுஷ்கா சர்மாவும் விராட் கோலியும் 2020 ஆகஸ்டில் ஒரே படத்தில் செய்தியைச் சொன்னார்கள். பிள்ளை பிறந்ததும் குழந்தையைப் படமெடுக்க வேண்டாம் என்று பத்திரிகையாளர்களைக் கேட்டுக்கொண்டார்கள். தங்கள் மகிழ்ச்சியைப் பகிர்ந்தார்கள். பிள்ளையின் முகத்தைப் பிள்ளைக்கே விட்டுவைத்தார்கள்.

என்ன செய்யலாம்?

பகிர்வதை நிறுத்தச் சொல்வது நடக்காது; தேவையும் இல்லை. தனித்திருக்கும் பெண்ணுக்குக் கிடைத்த துணையைப் பிடுங்கிவிட்டு மறுபடியும் 'மூச்சு விடாதே' காலத்துக்கு அனுப்ப யாருக்கும் உரிமையில்லை. சரிசெய்ய வேண்டியது முடிவெடுக்கும் இடத்தை. செய்தியைச் சொல்லும் உரிமை சுமப்பவளுக்கு மட்டுமே. கணவனுக்குக்கூட அவள் கேட்டுக்கொண்டால்தான். மகிழ்ச்சியை மட்டுமல்ல, துக்கம் வந்தாலும் பகிர்ந்துகொள்ளக்கூடிய ஆட்களுக்கு முதலில் சொல்வது நல்லது. அந்தப் பட்டியல் எவ்வளவு சிறியது என்று எண்ணிப் பார்த்தாலே பாதித் தெளிவு வந்துவிடும். அலுவலகத்தில் மகப்பேறு விடுப்பைப் பற்றி மேலாளரிடம் பேசும் முன் அவர் இன்ஸ்டாகிராமில் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அனாமலி ஸ்கேன் முடியும்வரை பொதுக் கணக்கைத் தொடாமலிருப்பது, மூன்று மாதக் கணக்கைவிட மருத்துவத்துக்கு நெருக்கமான கணக்கு. ஸ்கேன் படமும் பரிசோதனை முடிவுகளும் பிள்ளையின் மருத்துவ ஆவணங்கள். அவை கோப்பிலேயே இருக்கட்டும். காணொளி சொன்ன மருத்துவம் எதுவானாலும் செவிலியரிடமோ மருத்துவரிடமோ ஒருமுறை கேட்டபின் செய்யட்டும்.

வாசகருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை குடும்பக் குழுவில் நல்ல செய்தி வந்தால் மனதார வாழ்த்துங்கள். அதை ஸ்டேட்டஸில் போடுவதற்கு முன், அந்தப் பெண்ணைத் தனியாக அழைத்து 'இதை நான் வெளியில சொல்லலாமாம்மா?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவள் வேண்டாம் என்றால், ஏன் என்று கேட்காமல் விட்டுவிடுங்கள்.